நல்கொண்டா நீரும் இரசாயனச் சமன்பாடும்

ஹைதராபாத் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் நல்கொண்டா நகரம் அமைந்துள்ளது. அதனைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் 1956 வரை ஹைதராபாத் இராச்சியத்தையும், பின்னர் ஆந்திரப் பிரதேசத்தையும் சேர்ந்திருந்தது. 2014 முதல் தெலங்கானாவைச் சேர்ந்தது. கருங்கற் பாறை நிறைந்த இந்நிலப்பகுதியின் பல சிற்றூர்களில் கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது. நாற்றமோ நிறமோ அதில் இல்லை. ஆயினும் அந்நீரை நெடுநாள் பருகிய குழந்தைகளின் பற்களில் பழுப்பு நிறத் திட்டுகள் தோன்றின. ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரியவர்களுள் பலர் கழுத்தைத் திருப்பவும் முதுகை நிமிர்த்தவும் இயலாதவராயினர்.

இதற்குக் காரணம் நீரில் கரைந்துள்ள ஃபுளோரைடு என்னும் பொருளே. இந்தியாவில் இந்நோய் 1937ஆம் ஆண்டு, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், ஷார்ட் என்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்திய ஆராய்ச்சியால் மனிதரிடையே உறுதி செய்யப்பட்டது. நல்கொண்டா மாவட்டத்து நோயாளிகளைப் பற்றி ஹைதராபாத்தைச் சேர்ந்த மருத்துவர் சித்திக்கி எழுதிய ஆய்வுரை 1955ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்ட உணவு நிலையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் இளம் வயதினரின் முழங்கால்கள் உட்புறமாக வளைந்துவிடுவதை 1973இல் எடுத்துரைத்தனர்.

இத்தகைய நீரைத் திருத்தும் எளிய முறையொன்று பின்னர் இந்தியாவிலேயே வகுக்கப்பட்டு, நல்கொண்டாவின் பெயராலேயே வழங்கலாயிற்று. அம்முறையைக் கையாள்பவர் படிகாரம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று அறிந்தாக வேண்டும். அவ்வளவுகளுக்கு அடிப்படையாவது இரசாயனச் சமன்பாடு. பள்ளியில் மாணவர் மனப்பாடம் செய்து மறந்துவிடும் அதே சமன்பாடுதான் இங்கே ஒரு குடம் நீரின் நன்மை தீமைகளை முடிவு செய்கிறது. ஆகவே நல்கொண்டா நீரின் வரலாற்றை மூன்று சமன்பாடுகளின் வழியே காண்பது, ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் ஒருங்கே பயன்தரும்.

சமன்பாடு என்னும் கணக்கு

இரசாயன மாற்றத்தில் பொருள்கள் உருமாறுகின்றனவேயன்றி, அவற்றிலுள்ள அணுக்கள் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை. மாற்றத்திற்கு முன் ஒவ்வொரு தனிமத்திலும் எத்தனை அணுக்கள் இருந்தனவோ, மாற்றத்திற்குப் பின்னும் அத்தனையே இருத்தல் வேண்டும். வரவும் செலவும் ஒத்துப்போகாத கணக்கை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. இயற்கையும் அவ்வாறே.

பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே 1789ஆம் ஆண்டு வெளியிட்ட தம் இரசாயன நூலில் இவ்வுண்மையை வலியுறுத்தியதோடு, திராட்சைச் சாறு புளித்துச் சாராயமும் கரியமில வாயுவும் ஆகும் மாற்றத்தைப் பொருள்களின் பெயர்களாலேயே ஒரு சமன்பாடாக எழுதினார். இன்று வழங்கும் எழுத்துக் குறியீடுகளை ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் வகுக்கத் தொடங்கியது 1813ஆம் ஆண்டு வாக்கில்தான். எனவே பெயர்களால் எழுதப்படும் சமன்பாடு குறையுடையதன்று. இக்கட்டுரையிலும் பெயர்களே பயன்படுத்தப்படுகின்றன. கரும்பலகையில் அவற்றைக் குறியீடுகளாக மாற்றிக்கொள்வது எளிது.

சமன்படுத்துவதற்கு நான்கு விதிகள் போதும். முதலாவது, மாற்றத்தில் ஈடுபடும் பொருள்களும் விளையும் பொருள்களும் யாவை என்பதைச் சரியாக அறிந்து எழுதுதல். இரண்டாவது, ஒரு பொருளின் உள்ளமைப்பை ஒருபோதும் மாற்றாமை; பெயருக்கு முன்னுள்ள எண்ணை மட்டுமே மாற்றலாம். நீர் என்றால் ஹைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 1. கணக்கு ஒத்துவரவில்லையென்று அதில் ஆக்ஸிஜனை இரண்டாக்கினால் அது நீராக இராது, வேறொரு பொருளாகிவிடும். மூன்றாவது, இருபுறமும் ஒவ்வோர் இடத்தில் மட்டும் வரும் தனிமத்திலிருந்து தொடங்குதல். சல்பேட்டு, பாஸ்பேட்டு போன்று உடையாமல் செல்லும் தொகுதிகளை ஒரே அலகாக எண்ணுதல். நான்காவது, பல பொருள்களில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் இறுதியில் கொண்டு சரிபார்த்தல்.

பாறையிலிருந்து நீருக்கு

நல்கொண்டாப் பகுதியின் கருங்கற் பாறைகளில் ஃபுளோரின் அடங்கிய கனிமங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று கால்சியம் ஃபுளோரைடு. தூய நீரில் இது மிகச் சிறிதளவே கரையும். ஆனால் நிலத்தடி நீரில் சோடியம் பைகார்பனேட்டு மிகுந்திருக்கும்போது, கால்சியம் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்துவிட, ஃபுளோரைடு நீரில் தங்கிவிடுகிறது. இம்மாற்றம் வருமாறு:

கால்சியம் ஃபுளோரைடு + 2 சோடியம் பைகார்பனேட்டு → கால்சியம் கார்பனேட்டு + 2 சோடியம் ஃபுளோரைடு + நீர் + கரியமில வாயு

இவ்வெண்கள் எங்ஙனம் கிடைத்தன என்பதைக் காண்போம். கால்சியம் ஃபுளோரைடில் கால்சியம் 1, ஃபுளோரின் 2. சோடியம் ஃபுளோரைடிலோ ஃபுளோரின் 1 மட்டுமே. ஆதலால் வலப்புறம் 2 சோடியம் ஃபுளோரைடு வேண்டும். அதற்குச் சோடியம் 2 தேவை. அது பைகார்பனேட்டிலிருந்தே வரவேண்டுமாதலின் இடப்புறம் 2 சோடியம் பைகார்பனேட்டு. ஒவ்வொரு பைகார்பனேட்டிலும் ஹைட்ரஜன் 1, கார்பன் 1, ஆக்ஸிஜன் 3. ஆகவே இடப்புறம் கார்பன் 2. வலப்புறம் கார்பனேட்டில் ஒன்று, கரியமில வாயுவில் ஒன்று. ஹைட்ரஜன் 2, அது ஒரு நீர் மூலக்கூறாகிறது. இறுதியாக ஆக்ஸிஜன்: இடப்புறம் 6, வலப்புறம் கார்பனேட்டில் 3, நீரில் 1, கரியமில வாயுவில் 2, ஆக 6. கணக்கு ஒத்தது.

இச்சமன்பாடு களப்பணியாளர்க்கு ஒரு குறிப்பையும் தருகிறது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கிணற்று நீர் கண்டால் ஃபுளோரைடைச் சோதிக்கத் தவறலாகாது. சோப்பு நன்கு நுரைக்கும் மென்னீர் என்று மக்கள் விரும்பும் நீரிலேயே இக்கேடு மறைந்திருத்தல் கூடும்.

நீரிலிருந்து எலும்புக்கு

மனிதனின் எலும்பிலும் பல்லிலும் உள்ள முதன்மையான கனிமம் ஹைட்ராக்சி அபடைட்டு எனப்படும். அதன் ஓர் அலகில் கால்சியம் 10, பாஸ்பேட்டுத் தொகுதி 6, ஹைட்ராக்சைடுத் தொகுதி 2 உள்ளன. ஃபுளோரைடு அயனி அளவிலும் மின்னேற்றத்திலும் ஹைட்ராக்சைடு அயனியை ஒத்திருப்பதால், அதன் இடத்தைப் பற்றிக்கொள்கிறது:

ஹைட்ராக்சி அபடைட்டு + 2 ஃபுளோரைடு அயனி → ஃபுளோர் அபடைட்டு + 2 ஹைட்ராக்சைடு அயனி

அயனிகள் வரும் சமன்பாட்டில் அணுக்கள் மட்டும் ஒத்தால் போதாது. மின்னேற்றமும் ஒத்தல் வேண்டும். இங்கே இடப்புறம் இரண்டு எதிர்மின்னேற்றம், வலப்புறமும் இரண்டு. ஆசிரியர்கள் இதனைத் தனியே சுட்டிக்காட்டுதல் நலம். மாணவர் பெரிதும் தவறுவது இவ்விடத்திலேயே.

இச்சமன்பாடு முழு மாற்றத்தைக் காட்டுகிறது. உடலில் நிகழ்வது ஒரு பகுதி மாற்றமே. சிறிதளவு ஃபுளோரைடு பல்லின் மேற்பூச்சை அமிலத்திற்கு எதிராக வலுப்படுத்துவதும் உண்மை. அளவு மிகும்போதோ எலும்பு வளரும் முறையே கெடுகிறது. எலும்பு தடித்து, மூட்டுகளை இணைக்கும் நார்களிலும் சுண்ணாம்புப் பொருள் படிகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதை ஃபுளோரைடின் வரம்பாகக் கொண்டுள்ளது. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர்நிலை கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராமைப் பொறுக்கத்தக்க அளவாகவும் வகுத்துள்ளது.

முற்றிய எலும்பு நோயைப் பழைய நிலைக்குத் திருப்பும் மருந்து இல்லை. எனவே தடுப்பு ஒன்றே வழி. அது நீரிலேயே தொடங்க வேண்டும். கொதிக்கவைத்தால் கேடு நீங்குமென்று மக்கள் கருதக்கூடும். நோய்க்கிருமிகள் அதனால் மடியும் என்பது மெய்யே. ஃபுளோரைடோ மடிவதற்கு உயிரியன்று. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு சற்று மிகும். அணு அழியாது என்னும் விதியை ஊர்மக்களுக்கு விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நீரிலிருந்து வண்டலுக்கு

நாகபுரியில் 1958ஆம் ஆண்டு மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1974இல் அது தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் பெற்றது. அந்நிலையத்தைச் சேர்ந்த நவ்லாகே, குல்கர்னி, பாதக், புலுசு ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கிய முறையே நல்கொண்டா முறை என்பது. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் கிருமிநீக்கத்திற்கான சலவைத்தூளும் இட்டுக் கலக்கினால், அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோன்ற வீழ்படிவாகத் திரளும். அது ஃபுளோரைடைத் தன்னுடன் பற்றி அடியில் வண்டலாகப் படியும். மேலேயுள்ள தெளிந்த நீரை வடித்துக்கொள்ளலாம். மின்விசையும் விலையுயர்ந்த கருவியும் வேண்டாத முறையாதலின், வீட்டிலும் ஊரளவிலும் இது கையாளத் தக்கதாயிற்று.

இங்கே படிகாரம் என்பது நீர்ச்சுத்தி நிலையங்களில் பயன்படும் அலுமினியம் சல்பேட்டைக் குறிக்கும். அதில் அலுமினியம் 2, சல்பேட்டுத் தொகுதி 3, படிக நீர் 18. விளையும் வீழ்படிவை, அலுமினியம் ஹைட்ராக்சைடு 5 பங்கும் அலுமினியம் ஹைட்ராக்சி ஃபுளோரைடு 1 பங்கும் சேர்ந்த கூட்டாகக் கொண்டு சமன்பாடு எழுதுவது வழக்கம்:

3 படிகாரம் + சோடியம் ஃபுளோரைடு + 17 சோடியம் பைகார்பனேட்டு → அலுமினிய வீழ்படிவு + 9 சோடியம் சல்பேட்டு + 17 கரியமில வாயு + 54 நீர்

பெரிய எண்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. படிப்படியாகச் சென்றால் ஒவ்வோரெண்ணும் தானே அமையும். வீழ்படிவில் அலுமினியம் 6. படிகாரம் ஒன்றில் அலுமினியம் 2. ஆகவே படிகாரம் 3. அதில் சல்பேட்டு 9. எனவே சோடியம் சல்பேட்டு 9. அதற்குச் சோடியம் 18 வேண்டும். சோடியம் ஃபுளோரைடு ஒன்றைத் தருகிறது. எஞ்சிய 17 சோடியம் பைகார்பனேட்டிலிருந்து வரவேண்டும். பைகார்பனேட்டின் கார்பன் 17, கரியமில வாயு 17 ஆகிறது. ஹைட்ரஜனை எண்ணினால், இடப்புறம் படிக நீரில் 108, பைகார்பனேட்டில் 17, ஆக 125. வலப்புற வீழ்படிவில் 17 அடங்கியது; எஞ்சிய 108 ஹைட்ரஜனும் 54 நீர் மூலக்கூறுகளாகின்றன. ஆக்ஸிஜனை நாம் இதுவரை தொடவில்லை. அதுவே சான்று கூறட்டும். இடப்புறம் படிகாரத்தில் 90, பைகார்பனேட்டில் 51, ஆக 141. வலப்புறம் வீழ்படிவில் 17, சல்பேட்டில் 36, கரியமில வாயுவில் 34, நீரில் 54, ஆக 141.

எடையாலும் இதனைச் சோதிக்கலாம். மூலக்கூற்றெடைகளைக் கிராமாகக் கொண்டால், இடப்புறம் படிகாரம் 1998, சோடியம் ஃபுளோரைடு 42, சோடியம் பைகார்பனேட்டு 1428, ஆக 3468 கிராம். வலப்புறம் வீழ்படிவு 470, சோடியம் சல்பேட்டு 1278, கரியமில வாயு 748, நீர் 972, ஆக 3468 கிராம். வரவும் செலவும் ஒரு கிராமும் பிசகாமல் ஒத்துள்ளன.

இதிலிருந்து களத்திற்குரிய கணக்கு பிறக்கிறது. 19 கிராம் ஃபுளோரைடை நீக்க 1998 கிராம் படிகாரம். அதாவது ஃபுளோரைடு ஒரு மில்லிகிராமுக்குப் படிகாரம் சுமார் 105 மில்லிகிராம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை 1 மில்லிகிராமுக்குக் கொணர 4 மில்லிகிராம் நீக்கப்பட வேண்டும். அதற்குப் படிகாரம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம். 40 லிட்டர் கொள்ளும் வாளிக்கு ஏறக்குறைய 17 கிராம்.

ஓர் எண் பிழைத்தால்

ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குப் பெயர்த்தெழுதும்போது, இச்சமன்பாட்டின் முதலெண்ணாகிய 3 என்பது 2 என்று அச்சாகிவிட்டதாகக் கொள்வோம். பார்வைக்கு யாதொரு குறையும் தோன்றாது. ஆனால் அவ்வெண்ணை நம்பியவர் 420 மில்லிகிராமுக்குப் பதிலாக 280 மில்லிகிராம் படிகாரமே இடுவார். நீர் தெளியும், வண்டலும் படியும். கண்ணுக்கு எல்லாம் முறைப்படி நடந்ததாகவே தோன்றும். ஃபுளோரைடில் ஒரு பகுதி மட்டும் நீரிலேயே நின்றுவிடும். அதனை நாவும் கண்ணும் அறியா. குழந்தையின் எலும்பு பல்லாண்டு கழித்து அறியும்.

அணுக்களை எண்ணத் தெரிந்தவரோ அப்பிழையை அரை நிமிடத்தில் கண்டுவிடுவார். அலுமினியம் இடப்புறம் 4, வலப்புறம் 6. சல்பேட்டு இடப்புறம் 6, வலப்புறம் 9. இல்லாத அலுமினியம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட அளவில் பிழை வெளிப்படும். சமன்படுத்தும் பயிற்சி தேர்வுக்காக மட்டும் என்று எண்ணும் மாணவனுக்கு இதனை எடுத்துரைத்தல் வேண்டும். அச்சிட்ட எண்ணையும் ஆய்ந்தே ஏற்கும் ஆற்றலை இப்பயிற்சி தருகிறது.

பொருளின் பெயர் பிழைத்தாலும் இதே விளைவுதான். கடைத்தெருவில் கட்டியாக விற்கும் படிகாரம் பெரும்பாலும் பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த சல்பேட்டு ஆகும். அதன் ஒரு கிலோகிராமில் அலுமினியம் சுமார் 57 கிராம். மேற்சொன்ன அலுமினியம் சல்பேட்டிலோ 81 கிராம். படிக நீர் 18க்குப் பதில் 14 உள்ள சரக்கில் 91 கிராம். ஒரே பெயர், ஒரே வெண்மை. உள்ளடங்கிய அலுமினியமோ வெவ்வேறு. ஆகவே மூட்டையில் இருப்பது யாது என்பதை அறியாமல் அளவைக் கணக்கிடுதல் பயனற்றது. பொருள்களைச் சரியாக அறிக என்னும் முதல் விதியின் கருத்து இதுவே.

நீக்கியது எங்கே சென்றது?

சமன்பாட்டின் வலப்புறத்தைப் பலர் கூர்ந்து நோக்குவதில்லை. களப்பணியாளர் கவனிக்க வேண்டியது அதனையே. நீக்கப்பட்ட ஃபுளோரைடு மறைந்துவிடவில்லை, வண்டலில் இருக்கிறது. மேற்சொன்ன நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 99 மில்லிகிராம் உலர்ந்த வீழ்படிவு விளையும். அதனைக் கிணற்றருகிலோ குளக்கரையிலோ கொட்டினால், எடுத்த நஞ்சை மீண்டும் நிலத்தடி நீருக்கே வழங்கியவராவோம்.

அடுத்தது சல்பேட்டு. அதே கணக்கின்படி லிட்டருக்குச் சுமார் 182 மில்லிகிராம் சல்பேட்டு நீரில் புதிதாகச் சேர்கிறது. குடிநீரில் சல்பேட்டின் ஏற்கத்தக்க அளவு 200 மில்லிகிராம், பொறுக்கத்தக்க அளவு 400 மில்லிகிராம். ஏற்கெனவே உவர்ப்புள்ள நீருக்கு இம்முறை ஒவ்வாமைக்கு இஃது ஒரு காரணம். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீருக்கு இதனைப் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது காரத்தன்மை. பைகார்பனேட்டு 17 பங்கு செலவாகிறதன்றோ? அதனைக் கால்சியம் கார்பனேட்டு அளவில் கூறினால், நாம் எடுத்துக்கொண்ட நீரில் லிட்டருக்கு 179 மில்லிகிராம் காரத்தன்மை கரைந்துபோகும். நீரின் இயற்கைக் காரத்தன்மை 400 மில்லிகிராமாயின் குறையொன்றுமில்லை. அது 100 மில்லிகிராமே ஆயின் 79 மில்லிகிராம் பற்றாக்குறை. நீர் புளிப்பேறி, அலுமினியம் முழுதும் படியாமல் நீரிலேயே கரைந்து நிற்கும். இக்குறையைச் சுண்ணாம்பு தீர்க்கிறது:

படிகாரம் + 3 நீற்றுச் சுண்ணாம்பு → 2 அலுமினியம் ஹைட்ராக்சைடு + 3 கால்சியம் சல்பேட்டு + 18 நீர்

படிகாரத்தின் எடையில் இருபதில் ஒரு பங்கு சுண்ணாம்பு என்பது இம்முறையின் பொது அளவு. 420 மில்லிகிராம் படிகாரத்திற்கு அது 21 மில்லிகிராம். காரத்தன்மை மிகுந்த நீருக்கு இது போதும். மேற்சொன்ன பற்றாக்குறையை ஈடுசெய்யவோ குறைந்தது 58 மில்லிகிராம் வேண்டும். பொது அளவை எல்லா ஊருக்கும் ஒன்றாகக் கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

சமன்பாடு சொல்லாதவை

ஒரு சமன்பாடு சமன்பட்டது என்பதனால் மட்டும் அது மெய்யாகிவிடாது. கணக்குச் சரியாயினும் நிகழ்ச்சி வேறாக இருத்தல் கூடும். சமன்படாத சமன்பாடு பொய் என்பது உறுதி. சமன்பட்டது மெய்யா என்பதைச் சோதனையே கூற வேண்டும்.

நல்கொண்டா முறையிலும் இவ்வாறே. ஃபுளோரைடில் பெரும்பகுதி, திரளும் வீழ்படிவின் பரப்பில் ஒட்டிக்கொள்வதால் நீங்குகிறது. அவ்வீழ்படிவின் உள்ளமைப்பு எந்நீரிலும் ஒரே தன்மையதன்று. நீரின் காரத்தன்மை ஏற ஏறப் படிகாரமும் கூடுதலாகச் செலவாகும். ஃபுளோரைடு குறையக் குறைய, எஞ்சியதை நீக்குவது அரிதாகும். எனவே ஃபுளோரைடு ஒரு மில்லிகிராமுக்கு 105 மில்லிகிராம் படிகாரம் என்னும் கணக்கை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ளல் வேண்டும். களத்தில் அதனினும் மிகுதியாகவே தேவைப்படுவது வழக்கம். ஃபுளோரைடு அளவையும் காரத்தன்மையையும் கொண்டு சோதனையால் வகுக்கப்பட்ட அட்டவணைகள் அதன்பொருட்டே உள்ளன.

அவற்றோடும் அமையாமல், அந்தந்தக் கிணற்று நீரையே ஐந்தாறு குவளைகளில் எடுத்து, படிகாரத்தைப் படிப்படியாக ஏற்றி இட்டு, தெளிந்த நீரில் எஞ்சிய ஃபுளோரைடை அளந்து அளவை முடிவுசெய்தல் வேண்டும். எஞ்சிய அலுமினியத்தையும் சோதித்தல் இன்றியமையாதது. அதன் பொறுக்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மட்டுமே. இச்சோதனைகளைத் தொடர்ந்து செய்ய வசதியில்லாத ஊரில் இம்முறையைக் கைக்கொள்வது பாதுகாப்பன்று.

வீட்டளவில் செய்யும்போது, அடியிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில் குழாய் பொருத்திய வாளி ஏற்றது. மருந்துகளை இட்டதும் முதலில் விரைவாகவும், பின்னர்ப் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் அசையாது வைத்துத் தெளிந்த நீரைக் குழாய் வழியே எடுக்கலாம். வாளியைச் சாய்த்து ஊற்றினால் வண்டலும் ஃபுளோரைடும் சேர்ந்தே வரும்.

வகுப்பறையிலும் களத்திலும்

ஃபுளோரைடு இல்லாத நீர் கிடைக்குமிடத்து, திருத்த முயல்வதை விட அந்நீரைக் கொணர்தலே சிறந்தது. தெலங்கானாவில் ஆற்று நீரைக் குழாய் வழியே ஊர்தோறும் கொண்டுசெல்லும் மிஷன் பகீரதா திட்டம் 2016ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதே கேட்டிற்கு உள்ளான தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் குழாய் நீர் தடைப்படும் நாளில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுவர். அந்நாளில் எந்தக் கிணறு பருகத்தக்கது, எது தகாதது என்று எடுத்துச் சொல்ல ஊரிலேயே ஒருவர் வேண்டும். பல சிற்றூர்களில் அவர் பள்ளி ஆசிரியராகவோ நலப்பணியாளராகவோதான் இருப்பார்.

ஆகவே சமன்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், பாடநூலின் எடுத்துக்காட்டுகளோடு நில்லாமல், தம் ஊர் நீரிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வது நன்று. சோளமணி, புளியங்கொட்டை, அவரைவிதை ஆகியவற்றை வெவ்வேறு அணுக்களாகக் கொண்டு, மாணவர் தம் கையாலேயே இடப்புறக் குவியலை வலப்புறக் குவியலாக மாற்றி அடுக்கட்டும். ஒரு விதையும் மிஞ்சலாகாது, ஒன்றும் வெளியிலிருந்து சேரலாகாது. பாறையின் சமன்பாட்டிற்கு இது முழுதும் பொருந்தும். பின்னர் எண்ணில் ஒரு பிழையை வேண்டுமென்றே புகுத்திய சமன்பாட்டை எழுதிவைத்து, அதனைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். களப்பணியாளரும் தம் குறிப்பேட்டில் இடும் ஒவ்வொரு மருந்துக்கும் நேராக, அது எங்கே சென்று சேர்கிறது என்பதை ஒரு வரியில் எழுதிவைப்பாராக.

பாறையில் இருந்த ஃபுளோரின் நீருக்கு வந்தது. நீரிலிருந்து எலும்பை நோக்கிச் சென்றது. படிகாரம் அதனை இடைமறித்து வண்டலுக்குத் திருப்பியது. இம்மூன்று இடத்திலும் அந்த அணு அழியவில்லை. ஆகவே வாளியின் அடியில் தங்கிய வண்டல் எங்கே கொட்டப்படுகிறது என்பதைக் கண்டறியும் வரையில் களப்பணியாளரின் கணக்கு முடிந்ததாகாது.